கோட்டுப் பையில் எட்டு இலைகள்

ஹென்னிங்கும் நானும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவன் ஓடென்சே நகர அருங்காட்சியகம் ஒன்றில் கண்காட்சிகளுக்குப் பொறுப்பாளன். அவன் வைக்கிற கண்காட்சிகளுக்கு வாசலும் சுவரும் வெளிச்சமும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஒரு ஜனவரி மாதம் என்னைக் கூப்பிட்டு, பிரெண்ட்ஹோல்ம் கோட்டையின் தோட்டத்தைப் பற்றி ஜூனில் ஒரு கண்காட்சி திறக்கப் போவதாகச் சொன்னான்.

"உள்ள என்ன வைக்கிறதுன்னு நாங்க பாத்துக்கறோம் விபேகே. பழைய வரைபடம், கருவி, கடிதம்னு நிறைய இருக்கு. நீ வாசலை மட்டும் செய். நுழையறவன் நகரத்தை மறந்துடணும்."

ஓடென்சே இருக்கும் எங்கள் தீவில் பிரெண்ட்ஹோல்மைப் பார்க்காதவர் இல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலே அங்கேதான். அகழிக்கு நடுவே செங்கல் கோட்டை, அதன் தெற்கே தோட்டம். புக்ஸ்போம் என்ற வேலிச்செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளிவரும் பன்னிரண்டு பின்னல்களாக வளர்த்திருந்தார்கள். நகத்தளவு இலை. சில செடிகளின் அடிமரம் கிட்டத்தட்ட முந்நூறு வயதானது.

பிப்ரவரியில் அளவெடுக்கப் போனேன். தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் எவால்ட் என் வரைபடத்தைக் கையில் வாங்கவில்லை. என் கையிலேயே விட்டு, குனிந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது, நெடிய ஆள், காது மூடிய கம்பளித் தொப்பி. நான் வரைந்திருந்தது இதுதான்: இரண்டு பக்கமும் முழங்கால் உயர வேலியோடு ஒரு பாதை தொடங்கும். நடக்க நடக்க வேலி உயரும். கடைசியில் தலைக்கு மேலே போய்விடும். பிறகு சட்டென்று திறந்து கண்காட்சிக் கூடம்.

"அழகா இருக்கு" என்றார். "ஆனா எங்க தோட்டம் இப்படி இல்லையே. இது மேல ஜன்னல்ல நின்னு பாக்கறதுக்குப் போட்டது. உள்ள நடக்கறதுக்கு இல்ல."

"நீங்க உள்ள நடக்கறீங்களே. இது நீங்க பாக்கற தோட்டம்."

அவர் மறுபடி ஒருமுறை வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு அளவு நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

ஹென்னிங் பிளாஸ்டிக் இலை போதும் என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெயில் பட்ட புக்ஸ்போமுக்கு ஒரு வாசனை உண்டு, லேசான கசப்போடு. அது இல்லாமல் அந்த வாசல் வெறும் கடை அலங்காரம். மூன்று வாரம் வாதாடி அவனைச் சம்மதிக்க வைத்தேன். வெளிநாட்டிலிருந்து செடி வரவழைக்கும் ஒரு வியாபாரியிடம் நூற்று அறுபது தொட்டிகளுக்குச் சொன்னேன். கடைசியில் நின்றது வெட்டும் வேலை. பிரெண்ட்ஹோல்மில் வேலியின் மேல்விளிம்பைக் கத்தி போல நேராக விடமாட்டார்கள், விரல் முட்டி போல லேசாக உருட்டி விடுவார்கள். அந்தக் கை எவால்டுக்கு மட்டும்தான் இருந்தது. செடிகளைக் கோட்டைக்குக் கொண்டுவந்து எட்டு வாரம் வைத்தால் அவரால் வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன்.

"வெளிச் செடி உள்ள வராது" என்றார். "இருபத்தாறு வருஷத்துல ஒரு தொட்டி கூட விட்டதில்ல. சித்செலுக்கு அவங்க மக பிறந்தநாளுக்குக் குடுத்த எலுமிச்சையையே வாசல்லயே நிறுத்தினவன் நான்."

சித்செல் கோட்டையின் சொந்தக்காரர். நான் எவால்டைத் தாண்டி அவரிடம் போனேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கண்காட்சியால் வரப்போகும் பார்வையாளர்களைப் பற்றிப் பேசினேன். பழுதடைந்த கோட்டைக் கூரையைப் பற்றி அவரே பேசினார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மறுநாள் எவால்ட் என்னைப் போனில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"மேலிடத்துலயே பேசிட்டீங்க. சரி. ஒண்ணே ஒண்ணு. செடி இங்க வர்றதுக்கு முன்னாடி மூணு வாரம் வேற எங்கயாவது தனியா நிக்கணும். வியாதி இருந்தா அதுக்குள்ள காட்டிடும். மூணு வாரம் ஆச்சுன்னு நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன்."

செடிகள் தாமதமாக வந்தன. ஏப்ரல் பதினாலாம் தேதி வியாபாரியின் கொட்டகையில் போய்ப் பார்த்தபோது, அவை வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் பதினோரு நாள் பொறுத்தால் வெட்டி வளர நேரம் இருக்காது. எவால்டுக்கு போன் செய்து, மூன்று வாரம் ஆகிவிட்டது, நாளைக்கு லாரி வரும் என்றேன். "சரி, வரட்டும்" என்றார் அவர்.

லாரியிலிருந்து தொட்டிகளை இறக்கும்போது நானும் நின்று எண்ணினேன். பின்வரிசையில் ஒரு செடியின் அடிப்பகுதியில் சில இலைகள் பழுப்பாக இருந்தன. ஓரத்தில் கரும்பழுப்பு வளையம். எவால்ட் அந்தப் பக்கம் பலகை போட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து அந்த இலைகளைக் கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எட்டு இலைகள். வழியில் காற்று பட்டிருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர, நான் நம்பியிருந்தால் பைக்குள் எதற்குப் போட வேண்டும்?

பிறகு வந்த ஐந்து வாரங்கள் என் தொழில் வாழ்க்கையிலேயே மிக நல்ல நாட்கள். வாரத்துக்கு இரண்டு தடவை பிரெண்ட்ஹோல்முக்குப் போனேன். மழை அதிகமான வசந்தம் அது. மழை விடும் நேரமெல்லாம் எவால்ட் வெட்டிக்கொண்டிருப்பார், காலையில் பின்னல்கள், மத்தியானம் என் தொட்டிகள். வெட்டும் உயரத்துக்கு நூல் கட்டுவார், கட்டிய பிறகு நூலைப் பார்க்கவே மாட்டார். பத்து மணிக்குக் கருவிக் கொட்டகையில் காபி. கறுப்பு ரொட்டியில் ஈரல் விழுதைத் தடவி, மேலே வெள்ளரி ஊறுகாய் வைத்து, எனக்கும் ஒன்று நீட்டுவார். மனைவி மாரென் இறந்து நான்கு வருடம் ஆகிறது என்று ஒருநாள் சொன்னார்.

மூன்றாவது வாரம் வாசலின் அட்டை மாதிரியைக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பாதையை ஏன் நேரா விட்டிருக்கே? நுழையும்போதே முடிவு தெரிஞ்சுட்டா எவன் மெதுவா நடப்பான்? இங்க ஒரு வளைவு கொடு. வேலி இடுப்புக்கு வர்ற இடத்துல. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாம திரும்பட்டும்."

அட்டையை அந்த இடத்தில் வெட்டி வளைத்தேன். வாசல் அப்போதுதான் உயிர் பெற்றது. ஹென்னிங்கிடம் காட்டியபோது அவன் மேசையைச் சுற்றி வந்து மறுபடி மறுபடி பார்த்தான். "இந்த வளைவுதான் விபேகே" என்றான். "இது உனக்கு எப்படித் தோணிச்சு?" எவால்டின் யோசனை என்று சொன்னேன். அந்த ஒன்றையாவது சொன்னேன்.

மே இருபத்து மூன்றாம் தேதி, திறப்பு விழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, தோட்டத்துக்குப் போனேன். எவால்ட் நான்காவது பின்னலின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். வெட்டவில்லை. கை இரண்டும் தொடைமேல் இருந்தன. அவருக்கு முன்னால் ஒரு தட்டளவு இடம் பழுப்பாக இருந்தது. செடியை அவர் லேசாகத் தட்டியதும் இலைகள் பொலபொலவென்று கொட்டின. தண்டில் கறுப்புக் கோடுகள்.

"புக்ஸ்போம் கருகல்" என்றார். "காத்துலயும் மழைத்தண்ணியிலயும் பரவும். கத்தரியிலயும் பரவும்."

தொட்டிகளைப் போய்ப் பார்த்தோம். அங்கே பதினோரு செடியில் அதே வளையம். அவர் இப்போது கேட்பார், நான் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"உன் செடியையும் கெடுத்துட்டேன்" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"மார்ச்ல தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மாரென் கல்லறையைச் சுத்தி புக்ஸ்போம் வேலி. இந்தக் கத்தரியிலதான் வெட்டினேன். வந்து துடைச்சேன், ஆனா ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேனான்னு ஞாபகம் இல்ல. அங்க நூறு கல்லறை, எல்லாத்துக்கும் வேலி. யார் யாரோ வெட்டறாங்க. அங்கேருந்துதான் வந்திருக்கு. அப்புறம் அதே கத்தரியில உன் தொட்டிகளை வெட்டினேன்."

நான் ஏதோ சொன்னேன். "அப்படி இருக்காது எவால்ட்" என்று சொன்னதாக ஞாபகம். அந்தப் பேச்சில் உண்மை இருந்தது, ஆனால் அது உண்மையைச் சொன்னதாகாது. அவர் தலையை ஆட்டி, எழுந்து, கொட்டகைக்குள் போய்விட்டார்.

நேராக ஹென்னிங்கிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து நாளை மூன்று வாரம் என்றது, இலைகளைக் கிள்ளியது, எல்லாம். அவன் கதவைச் சாத்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"அப்போ சொல்லாதே. நீ சொன்னா அந்தச் செடி திரும்பப் பச்சையாயிடுமா? இங்கேருந்து வந்ததா அங்கேருந்து வந்ததான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. உனக்கே நிச்சயமாத் தெரியாது. எட்டு இலை."

"எனக்குத் தெரியும்."

"தெரியாது விபேகே. பயத்துல பேசறே. திறப்பு முடியட்டும், அப்புறம் நிதானமா யோசிக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை. எனக்கு அப்போது வேண்டியதைத்தான் சொன்னான். நான் ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. வாசலின் மரச்சட்டங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஆட்களுக்கு அளவு சொன்னேன், விளக்கு மாட்டும் இடம் காட்டினேன், மத்தியானம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆட்கள் சிரித்தால் நானும் சிரித்தேன். ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, சாலையோரம் வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இலைகள் இருந்த கோட்டு வீட்டுக் கொடியில் தொங்கியது. பைக்குள் கைவிட்டுப் பார்க்கவே இல்லை.

ஆறாம் நாள் சித்செலிடமிருந்து அழைப்பு வந்தது. தொட்டிகள் அருங்காட்சியகத்துக்குப் போகக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்றார். எதிர்பார்த்ததுதான். பிறகு குரலைத் தணித்தார்.

"எவால்ட் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கார். நான் வாங்கலை. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன், உங்ககிட்ட நல்லாப் பழகறார். நேத்து தேவாலயத் தோட்டத்துக்குப் போய் மாரென் கல்லறை வேலியை வேரோட பிடுங்கி எரிச்சுட்டாராம். மத்த கல்லறைக்குப் பரவக் கூடாதுன்னு. பாதிரியார் போன் பண்ணிச் சொன்னார். அந்தச் செடி பச்சையாத்தான் இருந்துச்சாம். ஒரு புள்ளி கூட இல்லையாம்."

நான் போனை வைத்துவிட்டு உடனே வண்டியை எடுத்தேன். ஹென்னிங் இரண்டு முறை அழைத்தான், எடுக்கவில்லை.

எவால்ட் கொட்டகையில் கத்தரிகளைக் கழற்றி, ஒவ்வொரு அலகாக ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"மூணு வாரம் இல்ல எவால்ட். பத்து நாள்தான். செடி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்துச்சு. நான் பொய் சொன்னேன். இறக்கும்போது ஒண்ணுல பழுப்பு இலை இருந்துச்சு. பாத்தேன். கிள்ளி மறைச்சுட்டேன்."

துணி பிடித்த கை நின்றது. வெளியே யாரோ தள்ளுவண்டியைச் சரளைமேல் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போய் முடிந்ததும் கேட்டார்.

"எத்தனை இலை?"

"எட்டு."

"மேலயா, அடியிலயா?"

"அடியில."

"வளையம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க போட்டீங்க?"

"கோட்டுப் பையில."

"அந்தக் கோட்டோட தோட்டத்துக்குள்ள வந்தீங்களா?"

"வந்தேன். அந்த வாரம் ரெண்டு தடவையும்."

ஒரு தோட்டக்காரர் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் அவர் கேட்டார், ஒன்று விடாமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அலகை மேசைமேல் வைத்தார். துணியை மடித்தார்.

"அந்தக் கல்லறை வேலி மாரென் நட்டது" என்றார். "அவ அம்மாவுக்காக நட்டா. அப்புறம் அவளையும் அங்கேயே வெச்சோம். நான் பிடுங்கும்போது வேர் வரலை. கடப்பாரை போட்டுப் பிடுங்கினேன்."

மன்னிப்பு கேட்டேன். அந்தச் சொல் அந்தக் கொட்டகையில் எங்கும் போய் ஒட்டவில்லை. அவர் என்னைப் பார்க்காமலே, "சித்செல்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும்" என்றார். வாசல்வரை போனபோது மறுபடி கூப்பிட்டார்.

"இன்னொண்ணு. அந்த வளைவை எடுத்துடுங்க. அது நான் குடுத்தது."

சித்செலிடம் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். தோட்டத்தின் கணக்கு எனக்குத் தெரிய வேண்டும் என்பது போல, ஒவ்வொரு பின்னலும் யார் காலத்தில் நட்டது என்று சொல்லிக்கொண்டே போனார். பன்னிரண்டில் ஏழு எடுக்க வேண்டியிருக்கும் என்று நிபுணர் சொல்லிவிட்டாராம். கடைசியில், "கண்காட்சி நடக்கும். நடக்காம விட்டா இது நடந்ததே யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்றார்.

திறப்புக்கு எட்டு நாள். வாசலில் வெறும் சட்டங்கள். ஹென்னிங் பிளாஸ்டிக் இலைக்கு ஆள் பிடித்துவிட்டான். நான் வேண்டாம் என்றேன். பின்னே என்ன வைக்கப் போகிறாய், எலும்புக்கூட்டையா என்று கத்தினான். ஆமாம் என்றேன். முளைக் குச்சிகள் அடித்து, தோட்டத்தில் வெட்டும் உயரத்தைக் காட்டக் கட்டுவார்களே, அந்த வெள்ளை நூலை மட்டும் கட்டினோம். முழங்காலில் தொடங்கி, இடுப்பு, தோள், தலைக்கு மேல் என நூல் உயர்ந்து போனது. உள்ளே ஒன்றும் இல்லை. பாதையை நேராக்கினேன். நேராக்கியதும் எவால்ட் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. நுழையும்போதே முடிவு தெரிந்தது. வந்தவர்கள் வேகமாக நடந்து கடந்தார்கள்.

தொடக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று வாசகம் எழுதிக் கொடுத்தேன்: 'இந்த நுழைவாயிலுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிகளோடு கருகல் நோய் பிரெண்ட்ஹோல்ம் தோட்டத்துக்குள் வந்தது. அவற்றைப் போதிய நாள் தனியே வைக்காமல் அனுப்பியவர் இந்த வாசலை வடிவமைத்த விபேகே ஹாவ்ஸ்ட்ரப்.' ஹென்னிங் இரண்டாவது வரியை அடித்துவிட்டான்.

"உன் தொழிலை நீயே முடிச்சுக்காதே. இங்க வர்றவங்களுக்கு இது எதுக்கு?"

"எவால்ட் வேலியைப் பிடுங்கி எரிச்சதைப் பாத்து, தேவாலயத் தோட்டத்துல கல்லறை வெச்சிருக்கற நூறு குடும்பமும் அவர் கத்தரியிலதான் நோய் வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, ஹென்னிங்."

அவன் பேனாவை என் பக்கம் தள்ளினான். பலகை இரண்டு வரியோடும் ஏறியது.

திறப்பன்று நல்ல கூட்டம். பலகையைப் படித்தவர்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் பார்க்காதது போல் போனார்கள். ஒரு பெண், முகம் தெரியாதவர், நேரே வந்து, "என் பாட்டனார் அந்தத் தோட்டத்துல வேலை பார்த்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். எவால்ட் வரவில்லை. அந்த வருடம் எனக்கு வர இருந்த இரண்டு வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின. காரணத்தை யாரும் சொல்லவில்லை.

அவர் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று சித்செல் சொன்னார். ஜூலையில் ஏழு பின்னல்களையும் தோண்டி எடுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். நான் வரலாமா என்று கேட்டு எழுதினேன். 'சனிக்கிழமை ஏழு மணி. ரப்பர் பூட்ஸ். வாசல்ல கழுவிட்டு வரணும்' என்று எவால்டிடமிருந்து ஒரு வரி வந்தது.

நான்கு சனிக்கிழமை போனேன். வேரைச் சுற்றி மண்வெட்டி இறக்கி, செடியைச் சாய்த்து, கீழே விழுந்த இலைகளைக் கையால் பொறுக்கி மூட்டை கட்ட வேண்டும். இலைதான் முக்கியம், மண்ணில் கிடந்தால் வருடக்கணக்கில் நோய் உயிரோடு இருக்கும். முந்நூறு வருட அடிமரம் சின்னதுதான், என் மணிக்கட்டு பருமன் இருக்கும், ஆனால் இருவர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. எவால்ட் எனக்கு எந்த வரிசை என்று கையால் காட்டுவார். பத்து மணிக்கு எல்லோரும் கொட்டகைக்குப் போவார்கள். நான் என் ரொட்டியை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தின்றேன். யாரும் உள்ளே கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை என் பின்னால் வந்து நின்றார். "ஓரத்துல இன்னும் ஆழமா இறக்குங்க. வேர் அறுந்து உள்ள நிக்குது" என்றார். இறக்கினேன். அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்று அவர் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

நான்காம் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கடைசி மூட்டையும் வண்டியில் ஏறிவிட்டது. ஏழு பின்னல்கள் இருந்த இடம் கறுப்பு மண்ணாகக் கிடந்தது. மீதி ஐந்தும் பச்சையாக, ஆனால் எந்த நேரத்திலும் புள்ளி விழலாம் என்ற நிலையில், அதன் பக்கத்தில் நின்றன. இங்கே என்ன நடுவீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் ஒண்ணும் நடறதா இல்ல" என்றார் எவால்ட். "அடுத்த வாரம் நீங்க வர வேண்டாம். வேலை முடிஞ்சிருச்சு."

"அப்புறம் எப்பவாவது ஆள் வேணும்னா..."

"சித்செல்கிட்ட உங்க நம்பர் இருக்கு."

கையுறையைக் கழற்றி என்னிடம் கை நீட்டவில்லை. போகச் சொல்லி அவசரப்படுத்தவும் இல்லை. வாசலில் குழாயடியில் பூட்ஸைக் கழுவினேன். ஒருமுறை கழுவியது போதாது என்று தோன்றி, உட்கார்ந்து, அடிப்பள்ளங்களில் இருந்த மண்ணை ஒரு குச்சியால் நோண்டி எடுத்து மறுபடி கழுவினேன். நிமிர்ந்தபோது அவர் மீதிப் பின்னல்களின் ஓரம் குனிந்து குனிந்து, ஒவ்வொரு செடியின் அடியிலையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு போனார்.